பரங்கிமலை ஏற இரண்டு இட்லி போதும்!

"சைக்கிள்ல மலை ஏறுறதா? இந்த வயசுல முட்டி என்னத்துக்கு ஆகும்?"

"நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குமே, ஏதாவது ஒண்ணு ஆயிட்டா?"

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வீடுகளில் இந்தப் பேச்சைக் கேட்காதவர்கள் குறைவு. பிள்ளை ஆசைப்பட்டானே என்று வாங்கிய கியர் வைத்த மலைச் சைக்கிள், ஆறே மாதத்தில் பால்கனியில் துணி காயப்போடப் பயன்படுகிறது. அப்பாவுக்குத் தானும் ஓட்ட ஆசைதான். ஆனால் மேடு என்றதும் ஒரு பயம்.

பயம் நியாயமானதுதான். ஆனால் பயப்பட வேண்டியது மலையைப் பார்த்து அல்ல, நம் அவசரத்தைப் பார்த்து! எப்படி என்று பார்ப்போம்.

சென்னையில் மலை எங்கே?

சென்னை தட்டையான ஊர்தான். ஆனால் தெற்கே கொஞ்சம் போனால் பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம் என்று சின்னச் சின்னக் குன்றுகள் வரிசையாக நிற்கின்றன. அடையாற்றிலிருந்தோ தி.நகரிலிருந்தோ பரங்கிமலை எட்டு, பத்து கிலோமீட்டர் தூரம்தான். சர்தார் பட்டேல் சாலை வழியாகப் போனால் ஒரு பக்கம் கிண்டி தேசியப் பூங்கா. மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவான காடு, ஆனால் உள்ளே புள்ளிமான்களும் வெளிமான்களும் வாழ்கின்றன.

பரங்கிமலையின் உயரம் சுமார் 300 அடி. உச்சியில் போர்ச்சுகீசியர் 1523-ல் கட்டிய தேவாலயம். ஏசுவின் சீடரான தோமையார் உயிர் துறந்த இடம் இது என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. படிக்கட்டும் உண்டு, வண்டி போகிற சாலையும் உண்டு.

இன்னொரு பெருமையும் இந்த மலைக்கு இருக்கிறது. 1802-ல் வில்லியம் லாம்ப்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி, இங்கிருந்து பெரும்பாக்கம் பக்கத்துக் குன்று வரை ஏழரை மைல் தூரத்தைச் சங்கிலி வைத்து அளந்தார். இந்தியா முழுவதையும் அளந்த மாபெரும் நில அளவைக்கு அதுதான் அடிக்கோடு. பிற்பாடு எவரெஸ்டின் உயரத்தைக் கணக்கிட்டதும் அதே அளவைப் பணிதான்.

இட்லிக் கணக்கு

இப்போது நம் பயத்தையும் கொஞ்சம் அளந்து பார்ப்போமா?

உங்கள் எடை 75 கிலோ, சைக்கிள் 15 கிலோ. அடிவாரத்திலிருந்து ஏறவேண்டியது சுமார் 75 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த 90 கிலோவை அந்த உயரத்துக்குத் தூக்க, உடம்பு செலவழிப்பது ஏறக்குறைய 70 கலோரி. ஒரு நடுத்தர இட்லியில் 40, 50 கலோரி இருக்கிறது. ஆக, இரண்டு இட்லிக்கு உள்ளேயே மலை முடிந்துவிட்டது!

அப்படியானால் ஏன் மூச்சு வாங்குகிறது? எவ்வளவு நேரத்தில் அந்தச் சக்தியைச் செலவழிக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மூன்று நிமிடத்தில் 'தம்' பிடித்து ஏறினால், கால்கள் செய்யும் வேலை ஏறக்குறைய நாலு 100 வாட் பல்புகளை எரிப்பதற்குச் சமம். பயிற்சி இல்லாதவருக்கு அது தாங்காது. அதே மலையைப் பன்னிரண்டு நிமிடத்தில் நிதானமாக ஏறினால் ஒரே ஒரு பல்புதான். ஆரோக்கியமான பெரும்பாலானவர்களால் அது முடியும்.

மலை அதேதான், இட்லியும் அதேதான். அவசரம் மட்டும்தான் வித்தியாசம்.

கியர் எதற்கு?

மாடிக்குப் போக உயரமான பத்துப் படிகள் வைக்கலாம், தாழ்வான இருபது படிகளும் வைக்கலாம். ஏறுகிற உயரம் ஒன்றுதான், ஆனால் முட்டிக்கு இருபது படிதான் சுகம். கியர் செய்வதும் இதையேதான். முன்பக்கம் சின்னப் பல்சக்கரம், பின்பக்கம் பெரிய பல்சக்கரம் என்று மாற்றினால் பெடல் லேசாகிவிடும். கால் அதிக தடவை சுற்றும், ஒவ்வொரு சுற்றுக்கும் அழுத்தம் குறையும். நிமிடத்துக்கு 70 சுற்று வந்தால் நல்லது. மேட்டில் 60-க்கு இறங்கினாலும் பரவாயில்லை.

நிறையப் பேர் செய்வது என்ன? கனமான கியரிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு மிதிப்பார்கள். அப்போது முட்டிச் சிப்பி தொடை எலும்போடு அழுந்தும். மறுநாள் மாடிப்படி இறங்கும்போது 'சுருக்'கென்று வலிக்கும். பழி மலை மேல் விழும்! மேடு தொடங்கும் முன்பே கியரை மாற்றிவிடுங்கள். பாதி மேட்டில் அழுத்தி மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் நழுவும்.

சீட் தாழ்வாக இருந்தாலும் முட்டி வலிக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடலைக் கீழே கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீண்டால் உயரம் சரி. ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்பீர்கள், அப்போது முட்டி லேசாக மடங்கி இருக்கும்.

பேசிப் பாருங்கள்!

இதயம் தாங்குகிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். கூட வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேசுங்கள். தடையில்லாமல் பேச முடிந்தால் வேகம் சரி. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் கியரைக் குறையுங்கள். அதற்கும் அடங்கவில்லையா? இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. ரத்த அழுத்தத்துக்குச் சில மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கு நாடித் துடிப்பு அவ்வளவாக ஏறாது. அவர்கள் நாடியை நம்புவதைவிட இந்தப் பேச்சுச் சோதனையை நம்புவதே நல்லது.

நாற்பதைத் தாண்டியவர்கள், அதிலும் சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், குடும்பத்தில் மாரடைப்பு என்று ஏதாவது ஒன்று இருந்தால், மலைக்குக் கிளம்பும் முன் டாக்டரைப் பார்த்துவிடுவது அவசியம். அதன் பிறகும் ஒரு மாதமாவது சமதளத்தில், வாரம் மூன்று நாள் அரை மணி நேரம் ஓட்டிப் பழகுங்கள்.

ஏறும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல் என்று வந்தால் 'வாயுவாக இருக்கும்' என்று சமாளிக்க வேண்டாம். உடனே நிறுத்தி உட்காருங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களும் வெறும் வயிற்றோடு போகக் கூடாது. சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். கை நடுங்கி, வியர்த்துப் பசித்தால் உடனே வாயில் போட்டுக்கொள்ளுங்கள்.

நிற்கவும் ஒரு சாக்கு

புதிதாக ஏறுகிறவர்கள் நடுநடுவே நிற்க வேண்டும். சரித்திரம் இதற்கு நல்ல சாக்கு! 1863-ல் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் பூட் என்ற நிலவியலாளர் கண்டெடுத்த ஒரு கல் கருவிதான், இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதை உலகுக்குச் சொன்னது. அங்கேயே பல்லவர் காலக் குடைவரைக் கோயில் ஒன்று இன்று தர்காவாக இருக்கிறது. இந்தக் குன்றுகளின் கருங்கல்லுக்கு 'சார்னோகைட்' என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல் இந்த வகை என்பதால் வந்த பெயர் அது.

மேடவாக்கம் பக்கம் போனால் நன்மங்கலம் காப்புக் காடு. பழைய கல்குவாரிகளின் பாறை இடுக்குகளில் கொம்பன் ஆந்தை குடியிருக்கிறது. காப்புக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் சைக்கிளை விடக் கூடாது. சாலையில் நின்றே பாருங்கள்.

இறங்கும்போதுதான் ஜாக்கிரதை

ஏறும்போது பயந்தவர்கள் இறங்கும்போது குஷியாகிவிடுகிறார்கள். உண்மையில் பெரிய அடிகள் படுவது இறக்கத்தில்தான். ஏறும்போது சேர்த்த சக்தி முழுவதும் இறங்கும்போது வேகமாக மாறுகிறது. அதைச் சூடாக மாற்றி வெளியேற்றுவது பிரேக்கின் வேலை.

எந்தக் கை எந்த பிரேக் என்று முதலிலேயே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். முன் பிரேக்கை மட்டும் திடீரென்று அழுத்தினால் ஹாண்டில்பாருக்கு மேலே பறக்க வேண்டியதுதான்! இரண்டையும் சேர்த்து மெதுவாக அழுத்துங்கள், உடம்பைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி உட்காருங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் அல்ல. மணலும் ஈரமும் உள்ள இடத்தில் இன்னும் மெதுவாக. ஹெல்மெட் இல்லாமல் இறங்கவே இறங்காதீர்கள்.

பரங்கிமலை பழகிய பிறகு ஏலகிரிக்கு ஆசை வரும். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள், பல மடங்கு உயரம். ஏறுவதற்குக் கியர் இருக்கிறது. இறங்குவதற்கு பிரேக் கட்டைகள் தேயாமல் இருக்கின்றனவா என்று கடையில் காட்டிவிட்டுப் போங்கள்.

கிளம்பும் முன்...

* டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தோதான காலம். அக்னி நட்சத்திரத்தில் வேண்டவே வேண்டாம்.

* விடியும் நேரத்தில் கிளம்பி எட்டரை மணிக்குள் வீடு திரும்புங்கள். இருட்டில் விளக்கு அவசியம்.

* தாகம் எடுக்கும் வரை காத்திராமல் பதினைந்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நாலு மடக்கு தண்ணீர். நேரம் நீண்டால் உப்புப் போட்ட நீர்மோர்.

* கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ போதும்.

* முதல் தடவை தனியாகப் போக வேண்டாம். பால்கனிச் சைக்கிளின் சொந்தக்காரரையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போங்கள்!