வண்டி வீடாகுமா?

ஐப்பசி பிறந்துவிட்டால் கலூரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களின் பேச்செல்லாம் ஊர்ப் பயணத்தைப் பற்றியதாகவே இருக்கும். தீபாவளிக்கு இரயிலில் இடம் கிடைப்பது அரிது. ஆகவே இரண்டு மூன்று குடும்பத்தார் ஒன்றுகூடி ஒரு வேனை அமர்த்திக்கொண்டு, பாலக்காட்டு வழியே கோவைக்கோ திருச்சிக்கோ தஞ்சைக்கோ புறப்படுவது வழக்கமாகிவிட்டது. அண்மைக் காலத்தில் படுக்கை, அடுப்பு, கழிப்பறை யாவும் அமைந்த கேரவன் வண்டிகளும் வாடகைக்கு வருகின்றன. கேரள அரசு 2021-ஆம் ஆண்டில் இவ்வகைச் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. விடுதிச் செலவு மிச்சம், குழந்தைகளுக்கோ கொண்டாட்டம். இவற்றைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆனால் நாம் ஊருக்குப் புறப்படும் அதே பருவத்தில்தான் வங்கக் கடலிற் புயல்களும் புறப்படுகின்றன.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாளை யான் எளிதில் மறவேன். பட்டுக்கோட்டைக்கு அருகே உறவினர் வீட்டில் 18-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை திருமணம். குழந்தைகள் உட்படப் பதினொரு பேர், படுக்கை வசதியுள்ள வேன் ஒன்றில் விடியுமுன் கலூரை விட்டுப் புறப்பட்டோம். மாலையில் திருச்சியை அடைந்தபோது, 'கஜா' புயல் அன்றிரவு நாகைக்கு அருகே கரையைக் கடக்கும் என்று வானொலி திரும்பத் திரும்ப அறிவித்துக்கொண்டிருந்தது. "இன்னும் மூன்று மணி நேரப் பயணந்தானே? காற்று வலுத்தால் எங்கேனும் ஒரு தோப்போரமாக நிறுத்தி வண்டிக்குள்ளேயே உறங்கிவிடலாம்" என்று ஒருவர் கூறினார். அவ்வாறு கூறிய அறிவாளி யானே என்பதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் அத்தை மட்டும் இருக்கையை விட்டு எழுந்து இறங்கிவிட்டார். "காற்றடிக்கிற இரவிலே தகரப் பெட்டிக்குள் பிள்ளைகளைப் படுக்க வைப்பாயா, தம்பி? எனக்கு இங்கேயே ஒரு திண்ணை போதும். நீங்கள் போவதானால் போங்கள்" என்றார். அத்தையை விட்டுவிட்டு யார் போவது? ஒரு மண்டபத்தில் இடம் கேட்டுத் தங்கினோம்.

நள்ளிரவு கடந்து 12.30 மணிக்கும் 2.30 மணிக்கும் இடையே கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையேறியது. காற்றின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியது. விடிந்தபின் கேள்வியுற்றதும், பின்னர் நேரிற் கண்டதும் நெஞ்சை உலுக்குவன. பட்டுக்கோட்டை, பேராவூரணி, மன்னார்குடிப் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட தென்னைகள் தோப்புத் தோப்பாக வேரோடு சாய்ந்து, சாலைகளின் குறுக்கே கிடந்தன. அவற்றுள் ஏதேனும் ஒரு தோப்பின் ஓரத்தில்தான் யான் வண்டியை நிறுத்தச் சொல்லியிருப்பேன்.

வண்டிக்குள் படுக்கை இருப்பதனாலேயே நாம் அதனை வீடென்று மயங்குகிறோம். வீட்டுக்கு அடித்தளம் உண்டு. வண்டிக்குச் சக்கரமே உண்டு. உயரமும் நீளமும் கொண்ட வேனின் பக்கவாட்டுச் சுவர் காற்றுக்குப் பாய்மரம் போன்றது. மேலும், காற்றின் வேகம் இருமடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். பெட்டிகளைக் கூரைமேல் அடுக்குவோமாயின் வண்டி கவிழ்வதற்கு நாமே துணைசெய்தவராவோம். திறந்த வெளியில் சிக்கிக்கொண்டால் வண்டியின் முகத்தைக் காற்று வரும் திசைக்கு நேராக நிறுத்துதல் ஓரளவு உதவும். எனினும் புயலின் மையக்கண் கடக்கும்போது காற்று திடீரென அடங்கி, பின்னர் எதிர்த்திசையிலிருந்து முன்னிலும் சினந்து வீசக்கூடும். அந்த இடைவேளையை நம்பி வெளியே இறங்கி உயிரிழந்தோர் உண்டு.

வண்டியின் கனத்தையும் நம்புதற்கில்லை. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற இரயில், ஊரை நெருங்கும் வேளையில் கடல் அலையால் விழுங்கப்பட்டது. அதில் இருந்தோர் நூற்றுக்கும் மேற்பட்டோர். இரும்புத் தடத்தின் மேல் நின்ற இரயிலுக்கே அந்நிலை என்றால், நம் வேன் எம்மாத்திரம்? அப்புயலிற் சிதைந்த பாம்பன் பாலத்தை 46 நாட்களில் சீர்செய்த பொறியாளர் இ. ஸ்ரீதரன்தான், நம் கலூர் வழியே ஓடும் கொச்சி மெட்ரோவுக்கும் பின்னாளில் வழிகாட்டினார் என்பது இங்குள்ள இளைஞர் பலர் அறியாத செய்தி.

காற்றைவிட வெள்ளமே வண்டிகளை மிகுதியாகக் கொள்வது. ஓடும் நீர் முப்பது சென்டிமீட்டர் ஆழமிருந்தால் சிறிய கார் மிதக்கத் தொடங்கும். அறுபது சென்டிமீட்டரில் பெரிய வண்டிகளும் இழுத்துச் செல்லப்படும். அறுபது சென்டிமீட்டர் என்பது வளர்ந்த ஒருவரின் முழங்காலுக்குச் சற்றே மேல், அவ்வளவுதான். 2021 அக்டோபர் 16-இல் கோட்டயம் மாவட்டத்துப் பூஞ்ஞாற்றில் அரசுப் பேருந்து ஒன்றே வெள்ளத்தில் அகப்பட்டு, ஊர் மக்கள் பயணிகளைக் காப்பாற்ற நேர்ந்தது. 2023 அக்டோபர் முதல் நாள் நள்ளிரவு கடந்து, கொச்சியிலிருந்து கொடுங்ஙல்லூர் திரும்பிக்கொண்டிருந்த ஒரு கார், கொட்டும் மழையில் வழி தவறிக் கோதுருத்தில் பெரியாற்றுக்குள் பாய்ந்தது. ஐவருள் இளம் மருத்துவர் இருவர் மாண்டனர். மழையில் சாலையும் ஆறும் ஒரே நிறமாகத் தெரியும் அந்த இருளில், கைப்பேசி காட்டும் வழியை மட்டும் நம்பிச் செல்லுதல் ஆகாது. நம் ஊரே இதற்கு விலக்கன்று. 2019 அக்டோபர் 21-இல் பெய்த மழையில் கொச்சி நகரச் சாலைகள் மூழ்கியதையும், கலூர் துணைமின் நிலையத்துக்குள்ளேயே நீர் புகுந்ததையும் நம்முள் பலர் நேரிற் கண்டோம். அதனால் வண்டியைக் கால்வாய் ஓரத்திலோ ஆற்றுப் படுகையிலோ இரவு நிறுத்தலாகாது. மழையில்லாத ஊரிலும் மலையிற் பெய்த நீர் நள்ளிரவில் வந்து சேரும்.

இனி இடி மின்னல். மலையாளத்தார் துலாவர்ஷம் என்றழைக்கும் இப்பருவத்தில் நண்பகலுக்குப் பின் இடி முழங்குவது இங்கே அன்றாட நிகழ்ச்சி. இவ்வொன்றில் மட்டும் வண்டி நமக்கு நல்ல துணை. மூடிய இரும்பு உடல் கொண்ட வேனில் மின்னல் விழுந்தாலும், மின்சாரம் வெளிப்புறத் தகட்டின் வழியே நிலத்துக்குச் சென்றுவிடும். ரப்பர்ச் சக்கரம் காக்கிறது என்பது தவறான எண்ணம்; காப்பது இரும்புக் கூடே. ஆகவே கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, கதவின் இரும்புப் பகுதிகளைத் தொடாமல் அமர்ந்திருத்தல் வேண்டும். நாரிழைப் பலகையால் ஆன கேரவன்களுக்கும், திறந்த ஆட்டோக்களுக்கும் இப்பாதுகாப்பு இல்லை. கடைசி இடியோசை கேட்டு அரைமணி நேரம் கழிந்தபின் இறங்கலாம்.

ஆனால் அடைத்த வண்டிக்குள் வேறொரு பகை உண்டு. 2024 டிசம்பர் 23-ஆம் நாள் வடகரைக்கு அருகே சாலையோரம் நின்றிருந்த கேரவன் ஒன்றில் இருவர் இறந்து கிடந்தனர். அன்று புயலுமில்லை, வெள்ளமுமில்லை. குளிர்சாதனத்துக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை உள்ளே புகுந்ததே காரணமென்று ஆய்வில் தெரிந்தது. கார்பன் மோனாக்சைடு என்னும் அந்நச்சு வளிக்கு நிறமுமில்லை, மணமுமில்லை; உறங்குவோர் விழிப்பதேயில்லை. மழைக்கு அஞ்சி எல்லாச் சாளரங்களையும் அடைத்துக்கொண்டு எஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓட விடுவோர் இதனை எண்ண வேண்டும். புகைக்குழாய் சேற்றிலோ நீரிலோ அமிழ்ந்திருக்குமாயின் அபாயம் இன்னும் மிகுதி. கரியடுப்பை வண்டிக்குள் ஏற்றுவதும் அதே குற்றம். புறப்படும்போது எரிவாயு உருளையின் அடைப்பை மூடியிருக்கிறதா என்று ஒருவர் கட்டாயம் பார்த்தல் நன்று.

மலைவழியே செல்வோருக்கு ஒரு சொல். 2018 ஆகஸ்டு வெள்ளத்தின்போது குதிரானில் மண் சரிந்து திருச்சூர்–பாலக்காடு நெடுஞ்சாலையே அடைபட்டது. இன்று அங்கே குகைப்பாதை வந்துவிட்டது. ஆயினும் மூணாறு, வாகமண் சரிவுகளில் அப்படியொன்றுமில்லை. வானிலை ஆய்வு மையம் ஆரஞ்சு எச்சரிக்கை விடுத்தால் ஒரே நாளில் 115 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யக்கூடும் என்றும், சிவப்பு எச்சரிக்கை என்றால் 204 மில்லிமீட்டரைத் தாண்டும் என்றும் பொருள். அத்தகைய நாளில் மலைச்சரிவின் அடியில் வண்டியை நிறுத்தி உறங்குதலைவிடப் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் உட்கார்ந்தபடி விழித்திருத்தல் மேல். வழியிற் சிக்கினால் 112 என்னும் எண்ணையோ, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்னும் எண்ணையோ அழைக்கலாம். அவ்வெண்களை ஒரு தாளிலும் எழுதி வைத்துக்கொள்க. புயலிரவில் கைப்பேசியில் மின்னூட்டம் இராது.

எங்கள் உறவினர் வீட்டுத் திருமணம் அந்த ஞாயிறன்று நடைபெறவில்லை. பந்தலும் இல்லை, மின்சாரமும் இல்லை, வாழையிலை கூடக் கிடைக்கவில்லை. தை மாதத்தில் எளிய முறையில் நடந்தேறியது. அப்போது காரைக்கால் விரைவு வண்டியில் தஞ்சை வரை சென்று, அங்கிருந்து பேருந்தில் போனோம். அத்தைக்குச் சாளரத்தோரம் இடம் பிடித்துக் கொடுத்தது யான்தான்.