நாணயத்தின் வடுக்கள்

ஷா ஆலம் நாணயச் சாலையில் இரண்டு எஃகு அச்சுகளுக்கிடையே நசுங்கிப் பிறந்த ஒரு வில்லை, பல கைகள் மாறி ஜொகூரின் ஒரு தோட்டப்புறத்து மளிகைக் கடைக்கு வந்து சேரும்போது, அதன் முகத்திலுள்ள வடுக்களில் எவை பிறவிக் குறை, எவை பின்னர் நேர்ந்த சேதம் என்று பிரித்தறிவதே நாணயம் சேகரிப்போர் முதலில் கற்க வேண்டிய வித்தையாகும். ஏனெனில், பிறவிக் குறையுள்ள காசு அபூர்வப் பொருளாக விலை போகும், சேதமுற்றதோ பெரும்பாலும் தன் முகமதிப்பைத் தாண்டுவதில்லை.

அச்சிலே விரிசல் விழுந்திருந்தால் அது காசில் மேடான கோடாகத்தான் பதியும். கோடு பள்ளமாயிருந்து, அதன் ஓரத்தில் விலகிய உலோகம் வரப்புப்போல் எழுந்து நின்றால், அது பின்னர் பட்ட காயமே. கூலாயிலோ குளுவாங்கிலோ யாரோ தண்டவாளத்தில் வைத்து ரயிலேற்றிய இருபது சென் காசு, அகன்று மெலிந்து, வெற்றிலைத் தட்டின் சித்திரம் ஒரு திசையில் இழுபட்டிருப்பதாலேயே தன் கதையைச் சொல்லிவிடும். அமிலத்தில் கிடந்த காசோ உருக்குலையாமலே எடை குறைந்துவிடுகிறது.

இவற்றையெல்லாம்விடச் சுவாரசியமானது ஒரு சென்னின் நிலை. 1967-இல் வெண்கலத்தில் வெளியான அந்தக் காசு, 1973 முதல் எஃகின் மேல் செம்பு போர்த்தியதாக மாறிற்று. மேற்போர்வை முழுமையாயிருக்கும்வரை கவலையில்லை. ஓரிடத்தில் கீறல் விழுந்து, நம் கடலோரப் பிரதேசத்தின் உப்பு ஈரம் உள்ளே சென்றுவிட்டால், செம்பும் இரும்பும் சேர்ந்து ஒரு சிறு மின்கலமாகி, செம்பு தான் தப்பிக்கொண்டு இரும்பையே அரிக்கவிடுகிறது. துரு பருமனில் பெருகுவதால், செம்புத் தோல் உள்ளிருந்து கொப்புளமாக எழும்பி வெடிக்கும். இக்கொப்புளத்தை அச்சுப் பிழையென்று நம்பிப் பணம் கொடுப்போரும் உண்டு. 2008 ஏப்ரல் முதல் கடைகளில் செலுத்தும் மொத்தத் தொகை அருகிலுள்ள ஐந்து சென்னுக்கு முழுமையாக்கப்பட்டதால், பயனற்றுப் போத்தல்களில் அடைபட்ட காசுகள் இப்படித்தான் அழிகின்றன.

பழைய ஜொகூர் சுல்தான்களின் எண்கோணப் பொற்காசுகள் மண்ணில் புதைந்தாலும் வளையுமேயன்றி அரிபடா. ஈயக் காசுகளோ சாம்பல் நிறம் பூத்து நொறுங்கிவிடும்.

கைப்பட்ட சேதங்களில் மிகவும் வருத்தம் தருவது, நல்லெண்ணத்தோடு செய்யப்படுவது. வெண்கலக் காசைப் புளியிட்டுத் தேய்த்தால், புளியின் அமிலம் ஆண்டுக்கணக்கில் படிந்த பழுப்புப் படலத்தைக் கரைத்து, கீழுள்ள உலோகத்தையும் சிறிது தின்றுவிடும். காசு இளஞ்சிவப்பாய்ப் பளபளக்கும், தேய்த்த நுண்கீறல்கள் உருப்பெருக்கியில் வட்டவட்டமாய்த் தெரியும், அவற்றை எவராலும் அழிக்க முடியாது. அழுக்கேறிய காசைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, தேய்க்காமல் துணியில் ஒற்றியெடுப்பதே போதும்.