செடியை வளைக்கும் புளிப்பு!

ஜன்னல் ஓரம் வைத்த நாற்று வெளிச்சத்தைப் பார்த்து வளைவதை எல்லோரும் பார்த்திருப்போம். "ஏன் வளையுது?" என்று டீச்சர் கேட்டால், "ஆக்ஸின், டீச்சர்!" என்போம். மார்க்கும் கிடைத்துவிடும். ஆனால் அந்த ஆக்ஸின் அப்படி என்னதான் செய்கிறது?

ஆக்ஸின் என்பது நாற்றின் நுனியில் உண்டாகிக் கீழே இறங்கும் ஹார்மோன். ஒளி ஒரு பக்கமாக விழுந்தால், அது நிழல் பக்கத்தில் அதிகமாகச் சேருகிறது.

இப்போது ஒரு சைக்கிள் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே காற்றடித்த டியூப், வெளியே கெட்டியான டயர். தாவர செல்லும் இப்படித்தான். உள்ளே தண்ணீரின் அழுத்தம், வெளியே செல்லுலோஸ் சுவர். சுவர் இளகினால்தான் செல் நீள முடியும். ஆக்ஸின் வந்ததும் செல், ஹைட்ரஜன் அயனிகளை வெளியே சுவருக்குள் பம்ப் செய்கிறது. சுவரின் பி.ஹெச். மதிப்பு 5-க்குப் பக்கத்தில் இறங்குகிறது. அதாவது, சுவர் புளிப்பாகிறது! அந்தப் புளிப்பில் எக்ஸ்பான்சின் என்ற புரதம் சுவரின் பிடியைத் தளர்த்துகிறது. இந்தப் புரதத்தை 1992-இல் வெள்ளரி நாற்றில் கண்டறிந்தார்கள். நிழல் பக்க செல்கள் அதிகம் நீளுவதால் நாற்று ஒளிப் பக்கம் சாய்கிறது.

இதற்கு ஆதாரம் உண்டா? உண்டு! மேல்தோலைச் சுரண்டிய ஓட்ஸ் நாற்றுத் துண்டை அமிலக் கரைசலில் போட்டால், ஆக்ஸின் இல்லாமலே சில நிமிடங்களில் நீள ஆரம்பிக்கும். சுவர் புளிக்க விடாமல் நடுநிலைக் கரைசலில் வைத்தால், ஆக்ஸின் கொடுத்தாலும் வளர்ச்சி குறையும்.

இதைப் படித்ததும் நான் ஒரு வேலை செய்தேன். என் பாசிப்பயறு நாற்றுக்குத் தினமும் எலுமிச்சைச் சாறு ஊற்றினேன். 'கிடுகிடுன்னு வளரும்' என்று நினைப்பு! நாலே நாளில் எல்லாம் கருகிப்போச்சு. அழுகையே வந்துவிட்டது. அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எலுமிச்சைச் சாற்றின் பி.ஹெச். சுமார் 2. பி.ஹெச். ஒன்று குறைந்தால் அமிலத்தன்மை 10 மடங்கு கூடும். அப்படியென்றால், 5-ஐ விட 1000 மடங்கு! செடி தனக்கு வேண்டிய புளிப்பை, வேண்டிய இடத்தில், வேண்டிய அளவு தானே போட்டுக்கொள்கிறது. நாம் ஊற்றினால் அது விஷம்.

நீங்கள் சாறு ஊற்ற வேண்டாம், இதைச் செய்யுங்கள். அட்டைப் பெட்டியில் ஒரு பக்கம் ஓட்டை போட்டு, உள்ளே இரண்டு மக்காச்சோள முளைகளை வையுங்கள். ஒன்றின் நுனிக்கு மட்டும் சாக்லேட் வெள்ளித்தாளில் குல்லா போடுங்கள். எது வளைகிறது, எது நேராக நிற்கிறது? பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்!

— பத்தாம் வகுப்பு மாணவி