69-க்கும் 70-க்கும் இடையில் நிற்கும் பிள்ளை

புதிய கல்வியாண்டுக்கான சேர்க்கை முடியப்போகிற இந்த நாட்களில், காரைக்காலிலிருந்தும் திருநள்ளாறு, நிரவி, நெடுங்காடு பகுதிகளிலிருந்தும் வாசகர்கள் எழுதும் கடிதங்களில் ஒரே குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது. பிள்ளைக்கு ஆஸ்பெர்ஜர் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மாற்றுத்திறனாளி சான்றிதழ் இன்னும் வரவில்லை, அல்லது மருத்துவக் குழு சதவீதம் தரவில்லை. சான்றிதழ் இல்லாமல் எந்தச் சலுகையும் கேட்கக் கூடாது என்று பள்ளியில் சொல்கிறார்கள். பெற்றோரும் அதை நம்பிக் காத்திருக்கிறார்கள். இந்தக் காத்திருப்புக்குச் சட்டத்தில் இடமில்லை. பிள்ளைக்கு அது பெரும் கெடுதல். பள்ளியின் கடமை பிள்ளையின் தேவையிலிருந்து தொடங்குகிறது, சான்றிதழில் உள்ள எண்ணிலிருந்து அல்ல.

ஆஸ்பெர்ஜர் என்ற பெயரை அரசுச் சான்றிதழில் தேட வேண்டாம். 2013-இல் வெளிவந்த, மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேடு அதை ஆட்டிசம் என்ற பெரிய வகைக்குள் சேர்த்துவிட்டது. நம் நாட்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளிலும் ஆட்டிசம்தான் இருக்கிறது. பொதுவாக முதல் மூன்று வயதில் தென்படுவது என்று அந்தச் சட்டம் அதை விளக்குகிறது. இந்த வகைப் பிள்ளைகளுக்கு அந்த விளக்கம் அவ்வளவாகப் பொருந்தாது. மூன்று வயதில் இவர்களில் பலர் வாய் ஓயாமல் பேசுவார்கள். சிலர் எழுத்துக் கூட்டிப் படிக்கவும் தொடங்கியிருப்பார்கள். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பறையில் உட்கார வைத்த பிறகுதான் சிக்கல் தெரியவரும். எனவே, சின்ன வயதில் நன்றாகத்தானே இருந்தான் என்று யாராவது கேட்டால், அந்தக் கேள்வியால் மருத்துவரின் முடிவு பொய்யாகிவிடாது.

சிக்கலின் மையம் மதிப்பெண் போடும் முறையில் இருக்கிறது. ஆட்டிசத்துக்குச் சதவீதம் தர நாடு முழுவதும் பயன்படுவது, செகந்திராபாத்தில் உள்ள தேசிய நிறுவனம் உருவாக்கிய ஐஎஸ்ஏஏ என்ற இந்திய அளவுகோல். சமூக உறவு, உணர்ச்சி வெளிப்பாடு, பேச்சு, நடத்தை, புலன் உணர்வு, அறிவாற்றல் என்று ஆறு பிரிவுகளில் 40 கூறுகள். ஒவ்வொன்றுக்கும் ‘அரிதாக’ என்றால் 1, ‘எப்போதும்’ என்றால் 5. ஆகக் குறைந்த மொத்தம் 40, அதிகபட்சம் 200. மொத்தம் 70-ஐ எட்டாவிட்டால் ஆட்டிசம் இல்லை என்று பொருள். 2016-இல் மத்திய அரசு அறிவித்த அட்டவணைப்படி 70 எடுத்தால் 40 சதவீதம், 71 முதல் 88 வரை 50 சதவீதம், அப்படியே ஏறி 158-ஐத் தாண்டினால் 100 சதவீதம். வெளிநாட்டிலிருந்து விலை கொடுத்து வாங்க வேண்டிய கருவிகளை நம்பியிராமல், நம் அரசு மருத்துவமனைகளில் பயன்படுத்த ஒரு கருவி கிடைத்தது நல்ல விஷயம். ஆனால் அது எதைக் கூட்டுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு பிள்ளைக்கு ஒன்பது கூறுகளில் மட்டும் கடும் சிரமம் என்று வைத்துக்கொள்வோம். மணிச் சத்தம் தாங்காது, வழக்கம் மாறினால் பதறிப்போகும், விளையாட்டில் சேராது, பேச்சைத் தொடராது, கண்ணைப் பார்க்காது என்ற வரிசையில் ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் ‘பெரும்பாலும்’ என்று 4 மதிப்பெண் போட்டால் 36. மற்ற 31 கூறுகளிலும் அரிதாகத்தான் சிரமம் என்றால் 31. மொத்தம் 67, ஆகவே ஆட்டிசம் இல்லை. இன்னொரு பிள்ளைக்கு எதிலும் கடும் சிரமம் இல்லை. முப்பது கூறுகளில் ‘சில நேரம்’ என்று 2 வீதம் 60, மீதிப் பத்தில் 10. மொத்தம் 70, ஆகவே 40 சதவீதம். பல இடங்களில் பரவிக் கிடக்கும் சிரமத்தை இந்த அளவுகோல் எளிதில் பிடித்துவிடுகிறது, சில இடங்களில் ஆழமாக இருக்கும் சிரமத்தை நழுவ விடுகிறது. ஆஸ்பெர்ஜர் வகைப் பிள்ளையின் நிலை பெரும்பாலும் முதல் கணக்கைப் போன்றது. பேச்சுப் பிரிவையே எடுத்துக்கொள்ளலாம். வந்த பேச்சு போய்விடுவது, கேட்டதையே திருப்பிச் சொல்வது, பொருளற்ற சொற்களைப் பேசுவது, ‘நான்’, ‘நீ’ மாற்றிச் சொல்வது, குழந்தைபோலக் கீச்சிடுவது ஆகிய ஐந்து கூறுகளிலும் சரளமாகப் பேசும் பிள்ளைக்கு அநேகமாக 1-தான் கிடைக்கும். அமைதியான அறையில், ஒரே ஒரு பெரியவர் முன் உட்கார்ந்து ரயில் வண்டிகளைப் பற்றி அரை மணி நேரம் பேசும் அந்தப் பிள்ளை, வகுப்பறையில் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய் உட்காரும் பிள்ளைதான் என்பதை யாராவது எடுத்துச் சொன்னால்தான் மதிப்பிடுபவருக்குத் தெரியும்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. கை கால் பாதிப்பில் 20 சதவீதம், 30 சதவீதம் என்று சான்று தர முடியும். 40-க்குக் கீழே உள்ளவர்களுக்கென்றே வெள்ளை நிற அடையாள அட்டையும் இருக்கிறது. ஆட்டிச அட்டவணையோ 40-இலிருந்துதான் தொடங்குகிறது. அதற்குக் கீழே படியே கிடையாது. 69 எடுத்த பிள்ளைக்கு லேசான பாதிப்பு என்றுகூட எழுத வழியில்லை. வெறும் கையோடு திரும்புகிறது.

சட்டம் இந்தப் பிள்ளையைக் கைவிடவில்லை. 40 சதவீதம் என்ற வரம்பு சில பிரிவுகளுக்கு மட்டுமே உரியது: 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பற்றிய 31-ஆம் பிரிவு, இலவசப் புத்தகம், கருவி, உதவித்தொகை பற்றிய சில விதிகள், உயர்கல்வி இட ஒதுக்கீடு. பள்ளியின் அன்றாடக் கடமையைச் சொல்லும் 16-ஆம் பிரிவில் அந்த வரம்பு இல்லை. பாகுபாடின்றிச் சேர்ப்பது, தேவைக்கேற்ற நியாயமான வசதி செய்வது, தனிப்பட்ட ஆதரவு தருவது, முன்னேற்றத்தைக் கண்காணிப்பது என அதிலுள்ள எல்லாமே மாற்றுத்திறன் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியவை. இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்திருக்கிறது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் விகாஸ் குமார் என்ற தேர்வர், 40 சதவீதம் இல்லை என்பதால் எழுத்தர் உதவி மறுக்கப்பட்டு யூபிஎஸ்சி மீது தொடுத்த வழக்கில், 2021 பிப்ரவரி 11 அன்று வந்த தீர்ப்பு அது. நியாயமான வசதி கேட்க அந்த வரம்பு தேவையில்லை என்று நீதிமன்றம் சொன்னது. வழக்கு தேர்வறை பற்றியது என்றாலும், அதன் தர்க்கம் ஒன்றாம் வகுப்புக்கும் பொருந்தும்.

வரம்பே இல்லையென்றால் ஆளாளுக்குக் கேட்பார்களே, பணத்துக்கு எங்கே போவது என்ற ஆட்சேபம் நியாயமானதுதான். பணமாகத் தரும் உதவிக்கு வரம்பு வைக்கலாம். ஆனால் இந்தப் பிள்ளைக்கு முதலில் தேவைப்படுபவை பணத்தில் வாங்குபவை அல்ல. ஜன்னலையும் வாசலையும் விட்டுத் தள்ளி ஒரே இடத்தில் இருக்கை, அன்றைய வேலைகளை வரிசையாக எழுதிய தாள், மணி அடிக்கும் முன் ஒரு வார்த்தை, சுருக்கமான நேரடிக் கட்டளை, பதற்றம் வந்தால் பத்து நிமிடம் போய் உட்கார ஒரு மூலை. இவற்றைப் பொய்யாகக் கேட்டு யாருக்கும் எந்த லாபமும் இல்லை. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியர் எவ்வளவுதான் செய்வார் என்ற ஆட்சேபம் இதைவிட வலுவானது. அதற்கான பதில் சிறப்பாசிரியர். பிள்ளைக்குத் தரவேண்டியதை மறுப்பது பதிலாகாது. தொடக்கப் பள்ளியில் சிறப்புத் தேவையுள்ள பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்பது 2022-இல் மத்திய அரசே வகுத்த விகிதம். அதற்கான பணியிடங்களை அறிவிக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் உச்ச நீதிமன்றம் 2025 மார்ச் 7 அன்று உத்தரவிட்டது. அனைவரையும் உள்ளடக்கிய கல்வி என்று எந்த அரசு சொன்னாலும், அந்தப் பணியிடங்களில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்பதை வைத்தே அதை எடைபோட வேண்டும்.

பேரைப் பதிந்துவிட்டால் முத்திரை விழுந்துவிடுமே என்ற பெற்றோரின் பயமும் உண்மையானது. ஆனால் சொல்லாமல் இருந்தாலும் முத்திரை விழத்தான் செய்கிறது. அடம், திமிர், வளர்ப்பு சரியில்லை என்ற பேர்கள் மருத்துவரின் சொல்லைவிடப் பிள்ளையை அதிகம் காயப்படுத்துகின்றன.

ஆகவே, பள்ளிக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். அதில் மூன்று விஷயங்கள் போதும்: மருத்துவரின் முடிவு (அறிக்கை நகலோடு), வகுப்பில் எந்த நேரத்தில் என்ன சிரமம் வருகிறது, அதற்குப் பள்ளி என்ன செய்ய வேண்டும். ‘பிள்ளையைக் கவனித்துக்கொள்ளுங்கள்’ என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. ‘இடைவேளை முடியும் மணிக்கு இரண்டு நிமிடம் முன்பு அவனிடம் சொல்லுங்கள்’ என்று எழுதுங்கள். மாங்கனித் திருவிழா நாட்களின் கூட்டமும் ஒலிபெருக்கியும் பிள்ளையைப் பாதிக்கும் என்றால் அதையும் முன்கூட்டியே எழுதுங்கள். தேதியிட்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். வகுப்பாசிரியரிடமும் அவர் பார்த்ததை எழுதித் தரச் சொல்லுங்கள்; மருத்துவக் குழுவிடம் போகும்போது அந்தத் தாள் 67-ஐ 70-க்கு மேல் கொண்டுபோகக் கூடும்.

சான்றிதழுக்கு எங்கே விண்ணப்பிப்பது? மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான யூடிஐடி இணையதளத்தில், வசிக்கும் மாவட்டத்தின் மருத்துவக் குழுவிடமோ, பிள்ளை சிகிச்சை பெறும் அரசு மருத்துவமனையிலோ விண்ணப்பிக்க விதி இடம் தருகிறது.

எவ்வளவு நாள் ஆகும்? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்ட விதிகளின் 2024 திருத்தத்துக்குப் பின் மூன்று மாதம் வரை ஆகலாம். அதனால்தான் பள்ளிக்கான கடிதம் முந்த வேண்டும்.

நாகூரிலோ பொறையாறிலோ படித்தால் புதுச்சேரிச் சான்றிதழ் செல்லுமா? செல்லும்; 58-ஆம் பிரிவின்படி அது நாடு முழுவதும் செல்லும்.

அப்படியானால் தமிழக அரசின் உதவித்தொகையும் கிடைக்குமா? உதவித்தொகைகள் குடியிருப்பைப் பொறுத்தவை. காரைக்கால்வாசிகள் புதுச்சேரி சமூக நலத் துறையைத்தான் அணுக வேண்டும்.

எல்.கே.ஜி. பிள்ளைக்கு? 31-ஆம் பிரிவு ஆறு வயதில்தான் தொடங்கும். 16-ஆம் பிரிவுக்கு வயது வரம்பு இல்லை.

சிபிஎஸ்இ தேர்வுச் சலுகை? மூன்று மணி நேரத் தாளுக்கு ஒரு மணி நேரம் கூடுதல், எழுத்தர் உதவி, மூன்றாம் மொழி விலக்கு உண்டு. அதற்குச் சான்றிதழ் வேண்டும்.

பள்ளி மறுத்தால்? மாவட்டக் கல்வி அலுவலகத்தில் இதற்கென ஒரு பொறுப்பு அதிகாரி இருக்க வேண்டும் என்கின்றன அதே சட்டத்தின் 2017 விதிகள்; அவருக்கு எழுதுங்கள். அங்கும் பதில் இல்லையென்றால் மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் தரலாம். இரண்டுக்கும் ஆதாரம், பள்ளியில் கையொப்பம் வாங்கிய அந்தக் கடிதம்தான்.