பேட்டரியை அப்புறம் கழற்றலாம்

முதலில் டீயைக் குடி தம்பி. திரையில் ‘பேட்டரி லோ’ என்று வந்தால் கீபோர்டு போய்விட்டது என்று அர்த்தமில்லை. உள்ளே இருக்கிற சிஆர் 2032 பேட்டரி தீரப்போகிறது, அவ்வளவுதான். 20 மி.மீ. விட்டம், 3.2 மி.மீ. கனம், அந்த அளவுதான் 2032 என்ற எண். மூன்று வோல்ட். வாட்ச் கடையில் கிடைக்கும்.

கிடைக்காதது வேறொன்று. நார்த்தாமலை, திருவப்பூர் திருவிழா மேடைகளில் வாசிக்க நீ வைத்திருப்பது ரோலண்ட் எக்ஸ்பி 60, 1998இல் வந்தது. கம்பெனி கொடுத்த ஒலிகள் அழியாத சிப்பில் இருக்கின்றன. அவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் யூசர் பேங்கில் 128 இடங்கள் உண்டே, நாதஸ்வரம் குழைந்து வர வேண்டுமென்று ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து நீ திருத்தி வைத்தது, அது கரண்ட் இருந்தால்தான் நினைவில் நிற்கும் ராம் சிப்பில் இருக்கிறது. சுவிட்சைப் போட்டிருக்கும்போது பவர் சப்ளை அதைக் காக்கிறது. அணைத்ததும் பேட்டரி காக்கிறது. சிப் இழுப்பது துளி மின்சாரம் என்பதால் ஒரு பேட்டரி பல வருஷம் தாங்கும். கழற்றினால் எல்லாம் போய்விடும்.

அதனால் ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதற்கு முன்னால் ஒலிகளைக் காப்பாற்று. உன்னுடையதில் பிளாப்பி டிரைவ் இருக்கிறது. ஆனால் இத்தனை வருஷப் பிளாப்பியை மட்டும் நான் நம்ப மாட்டேன். மிடி கேபிள் வழியாகச் சிஸ்எக்ஸ் கோப்பாகக் கம்ப்யூட்டருக்கும் அனுப்பிவிடு. இதில் பெரிய இடமெல்லாம் பிடிக்காது. 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7இன் 32 ஒலிகளும் சேர்ந்தே 4104 பைட்தான். கோப்பு வந்திருக்கிறதா, காலியாக இல்லையா என்று பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போ.

பிளக்கைச் சுவரிலிருந்தே பிடுங்கு. சும்மா அணைத்தால் போதாது. பவர் சப்ளை போர்டில் வீட்டுக் கரண்ட் நிற்கும். மூடியைத் திறந்ததும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள், பிளஸ் எந்தப் பக்கம் என்பது அப்புறம் குழம்பாது. சில கீபோர்டில் பேட்டரி ஹோல்டரில் இருக்கும், நெம்பினால் வந்துவிடும். டிஎக்ஸ்7 மாதிரி பழையதில் தகட்டுக் கால் வைத்துச் சால்டர் செய்திருப்பார்கள். அதை எடுத்துவிட்டு ஒரு ஹோல்டரை வைத்துவிடுவதுதான் என் கட்சி. அடுத்த தடவை சூட்டுக்கோலே வேண்டாம். வெறும் பேட்டரியின் மேல் நேராகச் சால்டர் வைக்கவே கூடாது, சூட்டில் வெடித்துவிடும். புதிய பேட்டரியை மாட்டுமுன் மீட்டரில் பார், மூன்று வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும்.

மறுபடி போட்டதும் ஒலிப் பெயர்களெல்லாம் கன்னாபின்னாவென்று தெரியலாம். பயப்படாதே. பேக்டரி ரீசெட் செய்து, சேமித்த கோப்பை ஏற்று.

உன் குழுவில் யாரிடமாவது 1981இல் வந்த கோர்க் பாலிசிக்ஸ் இருந்தால் சொல், அதை இன்றைக்கே திறக்க வேண்டும். அதிலிருப்பது நிக்கல் காட்மியம் ரீசார்ஜ் பேட்டரி. கசிந்து போர்டின் செம்புக் கோடுகளையே அரித்துவிடும்.

கழற்றிய பழையதை மேசையில் போட்டுவிடாதே. வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறதல்லவா? தீர்ந்த பேட்டரியானாலும் விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்கிவிடும். இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, கை எட்டாத இடத்தில் வை.