தங்கை பிரசவத்துக்கு ஒரு விசா!

சென்ற வாரம் போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தேங்காய் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது, பக்கத்துத் தெரு அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் மகளுக்கு லண்டன் மாப்பிள்ளை நிச்சயமாகியிருக்கிறது. "நீ அங்கேயே இருந்தவளாச்சே! லண்டன் போயிட்டா பாரிஸ், ஜெர்மனியெல்லாம் ரயிலேறிப் போயிட்டு வந்துடலாமாமே?" என்றார் ஆசையாக.

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. நான் பட்ட பாடு நம் சகோதரிகள் யாரும் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் கணவரின் வேலை காரணமாகச் சில வருஷங்கள் இங்கிலாந்தில் இருந்தோம். தங்கை ஜெர்மனியில். 2023 செப்டம்பரில் அவளுக்குத் தலைப்பிரசவம். அம்மா போவதாகத்தான் ஏற்பாடு. ஜூன் மாதம் அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனதில் அம்மாவால் நகர முடியவில்லை. "நீ பக்கத்துலதானே இருக்கே கண்ணு, நீ போய்ப் பார்த்துக்கோ" என்று போனில் சொல்லிவிட்டார்.

பக்கத்தில்தான், விமானத்தில் இரண்டு மணி நேரம்கூட இல்லை. ஆனால் ஓசூரில் பஸ் ஏறி அத்திப்பள்ளியைத் தாண்டி பெங்களூர் போகிற மாதிரியா அது?

எதிர்வீட்டுக்காரிக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டம்

ஐரோப்பிய நாடுகள் சில 1985-இல் லக்ஸம்பர்கிலுள்ள ஷெங்கன் என்ற ஊரில் கூடி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. இன்று 29 நாடுகள் அதில் இருக்கின்றன. ஒரே விசாவில் அத்தனை நாட்டுக்கும் போகலாம். இங்கிலாந்து அதில் சேரவே இல்லை. என் எதிர்வீட்டு வெள்ளைக்காரப் பெண்மணி பாஸ்போர்ட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு விசா இல்லாமலே கிளம்பிவிடுவாள். நானும் அதே தெருவில் குடியிருந்து, அதே வரியைக் கட்டியவள்தான். ஆனால் என் கையிலிருப்பது இந்தியப் பாஸ்போர்ட். விசா வேண்டும். அதையும் நாம் குடியிருக்கும் நாட்டில்தான் கேட்கவேண்டும்.

ஜூலை முதல் வாரம் விண்ணப்பிக்க உட்கார்ந்தேன். முதல் இடி பாஸ்போர்ட்! ஷெங்கன் நாட்டைவிட்டுத் திரும்பும் நாளுக்குப் பிறகும் அது 3 மாதம் செல்லுபடியாக வேண்டுமாம். என்னுடையது நவம்பரோடு முடிகிறது. சரியென்று புதுப்பிக்கக் கொடுத்தேன். அது கைக்கு வர ஆகஸ்ட் பாதி ஆகிவிட்டது.

அடுத்து, மனுக் கொடுக்க நாள் பிடிப்பது. எப்போது பார்த்தாலும் 'இடமில்லை'. ராத்திரி பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டுப் பார்ப்பேன். விடிகாலை எழுந்ததும் பார்ப்பேன். கடைசியில் யாரோ ரத்து செய்த இடம் ஒன்று, ஆகஸ்ட் 24-க்குக் கிடைத்தது.

நாலு வயதுப் பையனையும் அழைத்துப் போகவேண்டும். "அப்பா கூட வரவில்லையா? அப்படியானால் அவர் சம்மதக் கடிதம் எங்கே? குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் எங்கே?" பையனுக்குக் கடைசிப் பெயர் அவன் அப்பா பெயர். எனக்கோ என் அப்பா பெயர். தாயும் பிள்ளையும்தான் என்று காகிதம் காட்டி நிரூபிக்க வேண்டியதாயிற்று!

அந்த மூன்று வாரம்

பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதன் பிறகு எனக்குத் தூக்கமே இல்லை. ஊரில் அப்பாவுக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் உடனே ஓடிப்போகக்கூடக் கையில் பாஸ்போர்ட் இல்லையே!

செப்டம்பர் 1-ஆம் தேதி, நாள் குறித்ததற்கு முன்பே தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்துவிட்டது. போனில் அழுதாள். "அக்கா, பால் சரியாக் குடிக்க மாட்டேங்குறா. நீ எப்பக்கா வர்றே?" என்ன பதில் சொல்வேன்? நல்லவேளை, அந்த ஊரில் பிரசவத்துக்குப் பின் தாதி வீட்டுக்கே வந்து தாயையும் சேயையும் பார்ப்பது காப்பீட்டிலேயே உண்டு. அந்தப் பெண்மணிதான் தைரியம் சொன்னாராம்.

14-ஆம் தேதி விசா வந்தது. பன்னிரண்டே நாளுக்கு! சுக்கும் ஓமமும் கேழ்வரகு மாவும் எடுத்துக்கொண்டேன். இங்கிலாந்திலிருந்து பால், இறைச்சிப் பொருள் கொண்டுபோகத் தடை என்பதால் நெய்யை வைத்துவிட்டேன். பதினேழாம் நாள் குழந்தையை மடியில் வாங்கியபோது பட்ட கஷ்டமெல்லாம் பறந்துவிட்டது. ஆனால் அந்த முதல் இரண்டு வாரம், தங்கை தனியாகத் தவித்தது தவித்ததுதானே?

சகோதரிகளே, கவனியுங்கள்

• பயணத்துக்கு 6 மாதம் முன்பே ஷெங்கன் விசாவுக்கு மனுச் செய்யலாம். குறைந்தது 15 நாளாவது முன்னதாகக் கொடுத்துவிட வேண்டும். முடிவு சொல்ல 15 நாள் என்பது விதி. 45 நாள் வரையிலும் போகலாம். பிரசவத் தேதி தெரிந்த மாதமே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

• முதலில் பாஸ்போர்ட்டைப் பாருங்கள். வாங்கி 10 வருஷம் தாண்டியிருக்கக் கூடாது. இரண்டு பக்கமாவது வெறுமையாக இருக்கவேண்டும்.

• கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. 6 முதல் 11 வயது வரை 45 யூரோ. 6 வயதுக்குள் இலவசம். விசா மறுக்கப்பட்டாலும் பணம் திரும்பாது.

• 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு அவசியம்.

• 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கைரேகை வேண்டாம்.

• மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். எதிர்த்து முறையிடவும் வழியுண்டு. மனம் தளராதீர்கள்.

• கல்யாணமான பெண்கள் எல்லாக் காகிதத்திலும் ஒரே பெயர், ஒரே எழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். இனிஷியலை ஓரிடத்தில் விரித்தும் ஓரிடத்தில் சுருக்கியும் எழுதினால் பின்னால் தொல்லை.

சந்தையில் அந்த அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப கல்யாணப் பத்திரிகை அடிக்கறதுக்கு முன்னாடி பாஸ்போர்ட்டைப் பார்க்கணும்னு சொல்லு" என்றார். அதுவேதான்!