ரயில் ஏறும் முன் ஒரு ஃபைல்... வெளியூரில் புற்றுநோய் சிகிச்சை, காப்பீட்டில் கவனிக்க வேண்டியவை!

மாலை நேரம். செங்கோட்டையிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய பொதிகை எக்ஸ்பிரஸ் தென்காசியில் நிற்கிறது. ஜவுளிக்கடைப் பை ஒன்றை மடியில் அணைத்தபடி ஜன்னலோரம் உட்காருகிறார் ஓர் அம்மா. பைக்குள் பயாப்ஸி ரிப்போர்ட், ஸ்கேன் படம், ரேஷன் கார்டு. திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன், லீவு போட்டுவிட்டுத் துணைக்கு வந்திருக்கிறார்.

``எய்யா, கீழவயல வித்துரலாமா?''

``சும்மா இரும்மா. அதான் இன்ஷூரன்ஸ் கார்டு இருக்குல்ல.''

தென் மாவட்ட ரயில்களில் அடிக்கடி பார்க்கக்கூடிய காட்சி இது. கார்டு இருப்பது நல்லதுதான். ஆனால் எந்த மருத்துவமனையில், எந்தச் சிகிச்சைக்கு, யார் பெயருக்கு அது செல்லும் என்பதை ஊரிலேயே பார்த்துவிட வேண்டும். சென்னையில் இறங்கிய பிறகு பார்த்தால், வயலை விற்கும் பேச்சு திரும்பவும் வரும்.

கார்டு அங்கே செல்லுமா?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். கார்டு இல்லாதவர்கள், வி.ஏ.ஓ. தரும் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குச் செல்ல வேண்டும். நோய் உறுதியானதுமே செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான்.

அடுத்து, போகப்போகும் மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். `இருக்கிறது' என்ற பதிலோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு மருத்துவமனை இதய சிகிச்சைக்குத் திட்டத்தில் இருக்கலாம். புற்றுநோய்க்கு இல்லாமல் போகலாம். எனவே, நோயையும் சிகிச்சையையும் சொல்லிக் கேட்க வேண்டும். திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800 425 3993.

மூன்றாவது, பெயர். ரேஷன் கார்டில் `முத்தம்மாள்', ஆதாரில் `முத்தம்மா', பயாப்ஸி ரிப்போர்ட்டில் வேறு இனிஷியல் என்று இருந்தால், ஒப்புதல் கிடைப்பது தாமதமாகலாம். ஊரில் இருக்கும்போதே திருத்திக்கொள்வது எளிது.

மருத்துவமனைக்குப் போனதும் காப்பீட்டு மேசையில் கார்டைக் காட்டிவிடுங்கள். `முதலில் பணம் கட்டிவிடுவோம், பிறகு வாங்கிக்கொள்ளலாம்' என்ற கணக்கு இங்கே உதவாது. சிகிச்சைக்கு முன்பே ஒப்புதல் வாங்குவதுதான் முறை.

மறந்துபோகும் ஈ.எஸ்.ஐ.

மகனின் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா? பிடித்தால், அவரை நம்பி வாழும் பெற்றோருக்கும் அதில் மருத்துவ வசதி உண்டு. அம்மாவின் பெயர் பதிவாகியிருக்க வேண்டும் என்பது முக்கியம். பெரிய சிகிச்சைக்கு ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையின் பரிந்துரைக் கடிதத்தோடு போக வேண்டும். கடிதம் இல்லாமல் நேரே தனியார் மருத்துவமனையில் சேர்ந்துவிட்டு, பிறகு பணம் கேட்டு அலைபவர்கள் உண்டு.

தனியார் பாலிசி எடுத்தவர்களுக்கு...

கீமோ ஏற்றிக்கொண்டு அன்றே வீடு திரும்பினாலும், `டே கேர்' சிகிச்சையாக அதற்குக் காப்பீடு கிடைக்கும். வாய்வழி கீமோ, இம்யூனோதெரபி போன்றவற்றுக்குத் தனி உச்சவரம்பு இருக்கலாம். அந்தத் தொகையை முன்பே கேட்டு வையுங்கள்.

பலர் சறுக்கும் இடம் அறை வாடகை. பாலிசியில் நாளுக்கு 5,000 ரூபாய் வரம்பு இருக்க, 10,000 ரூபாய் அறையில் தங்கினால் கூடுதல் வாடகையோடு போகாது. மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் போன்றவற்றிலும் அதே விகிதத்தில் பிடித்தம் செய்ய இடமுள்ள பாலிசிகள் உண்டு.

கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜ் ஒப்புதலுக்கு மூன்று மணி நேரத்துக்குள்ளும் காப்பீட்டு நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும் என்பது ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-ல் வகுத்த விதி. கோரிக்கையை மறுத்தால், காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். முதலில் நிறுவனத்திடம் எழுத்துமூலம் புகார் கொடுக்க வேண்டும். 30 நாள்களில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ, இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். இதற்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

கார்டு தராத செலவு

எந்தக் கார்டும் துணைக்கு இருப்பவரின் சாப்பாட்டுக்கும், வாடகை அறைக்கும், இழந்த சம்பளத்துக்கும் பணம் தராது. கையில் இருக்கும் பணத்தை இவற்றுக்குத்தான் ஒதுக்கி வைக்க வேண்டும்.

ரயில் செலவைக் குறைக்க வழி உண்டு. சிகிச்சைக்காகப் பயணிக்கும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி வகுப்புகளில் முழுக் கட்டணச் சலுகை. உடன் செல்பவருக்கு 75 சதவிகிதம். ரயில்வேயின் படிவத்தில் மருத்துவமனை தரும் சான்றிதழ் வேண்டும். முதல் முறை போகும்போதே கேட்டு வாங்கிவிட்டால், அடுத்தடுத்த பயணங்களுக்கு உதவும். குறைந்த வாடகையில் தங்க இடம் உண்டா என்று மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் விசாரிக்கலாம்.

எல்லாவற்றுக்கும் சென்னைதானா?

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அந்த வலியில் பிறந்த முயற்சிதான் 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. அந்தக் காலத்தில் நோயாளிகளுக்குப் போக்கிடம் குறைவு. இன்று காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவு அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. திருநெல்வேலி, மதுரை அரசு மருத்துவமனைகளிலும் புற்றுநோய் சிகிச்சை கிடைக்கிறது.

கதிர்வீச்சு என்றால் வாரத்துக்கு ஐந்து நாள், பல வாரங்கள் தொடரும். பணம் தீர்ந்தது, லீவு தீர்ந்தது என்று பாதியில் நிறுத்தினால் பலன் குறைந்துவிடும். அதனால், சிகிச்சைத் திட்டம் முடிவாகும் நாளில் டாக்டரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்: ``இதில் எதை எங்கள் ஊர்ப் பக்கமே செய்துகொள்ளலாம்?'' இது டாக்டரைச் சந்தேகிக்கும் கேள்வி அல்ல. நோயாளி சிகிச்சையை முழுமையாக முடிக்க உதவும் கேள்வி.

முடியும் என்று அவர் சொன்னால், பரிந்துரைக் கடிதம், பயாப்ஸி ஸ்லைடு, சிகிச்சை விவரம் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். இவற்றுக்குப் பிரதி எடுத்து ஒரு ஃபைலில் தேதி வாரியாக அடுக்குங்கள். போனிலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அறுவை சிகிச்சை சென்னையில், மீதி திருநெல்வேலியில் என்று முடிவானால், தென்காசி அம்மா காலையில் பஸ் ஏறி, மாலையில் வீடு திரும்பிவிடலாம். மகன் வேலையை விட வேண்டியிருக்காது. கீழவயலிலும் அடுத்த நடவு நடக்கும்.